ஏற மாட்டேன்

மிச்சிகனில் உறைந்து கிடந்த ஏரியின் நடுவே வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டான் கிளிஃபோர்ட். அக்கம்பக்கத்தில் இருந்தவன், பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆர்வோ மட்டும்தான். பத்து வருஷப் பகையாளி.

ஆர்வோ தன் பழைய டூ-ஸ்ட்ரோக் மூன்று சக்கர வண்டிக்கு கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றி, பருத்த டயர்கள் பனியை நசுக்க, அருகில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுடா."

"அந்தச் சனியன்ல ஏற மாட்டேன். தவழ்ந்தே போயிக்கிறேன்."

"கரை மூணு மைல். பாதியிலேயே விறைச்சுடுவே."

"விறைச்சாலும் பரவாயில்ல. உன் வண்டி சத்தம் தாங்காம போலீசுக்குப் போனவன்டா நான்!"

"ஏழு தடவை போனே. நீ செத்தா பழி என் மேலதான் விழும். வாயை மூடு."

அவனை அள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டு ஆர்வோ கிளம்பினான். ஒரு மைல் தாண்டியதும் எஞ்சின் கிறீச்சிட்டு, ஜாம் ஆகி நின்றது. இறங்கி டாங்க்கைத் திறந்து மோந்து பார்த்தான்.

"வெறும் பெட்ரோல்! ஆயில் கலக்காம ஓட்டினா இந்த எஞ்சின் செத்துடும்னு, காலையில என் கையாலதான் கலந்து வெச்சேன். எவன்டா கேனை மாத்தினது?"

கிளிஃபோர்ட் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"மாத்திட்டு ஓடுறப்பதான்... வழுக்கிட்டேன்."