கடிகார முள்ளைப் பிடித்த கை

ஐம்பது வருடத்துக்கு முந்தைய லண்டன் வாரப் பத்திரிகை போலவே இருக்க வேண்டுமென்று, தான் வரைந்த புதிய சித்திரக்கதைப் புத்தகத்தில் ஞானதிரவியம் எல்லாப் பொய்யையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். பழுப்பேறிய தாள், கோட்டுக்கு வெளியே வழிந்த சிவப்பு, கடைசிக் கட்டத்தில் கோபுரக் கடிகாரத்தின் பெரிய முள்ளை ஒற்றைக் கையால் பற்றித் தொங்கும் நாயகன். அந்தத் தாளின் மறுபுறம், ‘வெட்டி அனுப்பி வீரர் படையில் சேருங்கள்’ என்று ஒரு கூப்பன். அதுவும் அலங்காரத்துக்குத்தான். வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத சேகரிப்பாளர்கள். கத்தரிக்கோலைக் கண்டாலே பதறுகிறவர்கள்.

இன்று தபாலில் ஒரு கூப்பன் வந்துவிட்டது. பெயர் மரியசூசை. வயது அறுபத்தேழு. புள்ளிக்கோடு பிசகாமல் வெட்டியிருந்தார்.

“படையாவது ஒண்ணாவது, தூக்கிப் போடுங்க சார்,” என்றாள் வண்ணம் தீட்டும் பர்வீன்.

ஞானதிரவியம் துண்டைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டு வரை நாயகனின் கை மட்டும் முள்ளை இறுகப் பற்றியிருந்தது. மீதி ஆள், பிடிமானமில்லாமல், மரியசூசையின் வீட்டில் இருந்தான்.

எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னல் வரை போய்த் திரும்பினார். டீ ஆறி ஏடு படிந்தது.

“அதக் கீழ வச்சுட்டு டீயக் குடிங்க சார்.”

“வைக்கலாம்மா,” என்றவர், துண்டை இரண்டு விரலுக்கு நடுவே இன்னும் அழுத்திப் பிடித்தார். “மொதல்ல அந்தக் கவர்ல பாரு. அவரு வீடு எத்தனாவது மாடி?”