இடுப்புயரப் பெட்டி

பஞ்சாலை இரைச்சலில் இருபது வருடம் நின்றதில் துளசிமணிக்குக் காது பாதி போய்விட்டது. ஓய்வு பெற்றதும் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிப் பழகினாள். தான் வாசிப்பதே சரியாகக் கேட்காததால் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கடைக்குப் போனாள்.

"புதுசாப் பழகறவங்களுக்கு இந்தச் சின்னதே போதுங்க அக்கா," என்றார் கடைக்காரர் உரக்க.

கையோடு கொண்டுபோன கிட்டாரை அதில் சொருகி வாசித்தாள். எங்கோ கொசு பறந்த மாதிரி இருந்தது. மூலையில் இடுப்புயரம் நின்ற பெட்டியைக் காட்டினாள்.

"அது மேடைக்குங்க. வீட்டுல வெச்சா தெருவே திரும்பிப் பார்க்கும்."

"பார்க்கட்டுங்க."

கிட்டாரை அந்தப் பெட்டிக்கு மாற்றிச் சொருகி, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். தடித்த தந்தியைச் சுண்டினாள். அதிர்வு முதுகெலும்பில் ஏறியது. கண்ணாடிக் கதவு நடுங்கியது. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"கேக்குதுங்க!" என்று கத்திய துளசிமணி, சத்தம் கூட்டும் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.