நாலு விரல் இளவரசி

“இளவரசிக்கு அப்போ ரெண்டு வயசு. பாம்பு கடிச்சதால வலது கால் சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. அதான் தரையில பதிஞ்ச இந்தத் தடத்துல நாலு விரல்தான் இருக்கு. முந்நூறு வருஷம் ஆச்சு, நல்லாப் பார்த்துக்குங்க.”

“என்ன பாம்பு மேடம்?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“அது பேர் சொல்லிட்டுக் கடிக்கலை சார்.”

காலையிலிருந்து பதினோராவது தடவை சொல்லியாயிற்று. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், ராட்டினம் பக்கம் போய்விட்டார்கள். கோட்டைக்குள் நடக்கிற கோடைப் பொருட்காட்சிக்கு வரும் கூட்டத்தில் பாதி இந்த ஒற்றைக் கால் தடத்தைப் பார்க்கத்தான் வருகிறது. வெளியே கடைகளில் நாலு விரல் சாவிக்கொத்துகூட வந்துவிட்டது.

வழிகாட்டிப் பெண்ணுக்கு வாய் கசந்தது. அலுவலகம் கொடுத்த கறுப்பு ஷூ வேறு கடித்தது. எந்த ஷூ போட்டாலும் அவளுக்குச் சுண்டுவிரல் மேல்தான் முதல் கொப்புளம் வரும்.

வரலாறு படித்தவள். அவள் வீட்டில் அதுதான் முதல் பட்டம், இங்கே இருக்கிற வழிகாட்டிகளில் ஒரே பட்டம். அதனாலேயே கோட்டைப் பொறுப்பாளர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்.

“டிகிரி, நாலு மணிக்கு நம்ம துறை இயக்குநர் வர்றார். கதையை ஒழுங்காச் சொல்லு. உன் வேலையை நிரந்தரம் பண்ண அவர்தான் கையெழுத்துப் போடணும்.”

“சார், போன வாரமே அந்த ஃபைலைக் காட்டினேன். இந்த மண்டபத்துத் தரையை மொத்தமாப் பேத்தெடுத்துப் புதுசாப் பூசியிருக்காங்க. இருபத்திரண்டு வருஷம்தான் ஆகுது. அதுல முந்நூறு வருஷத்துக் கால் எப்படி சார் வரும்?”

“ஃபைல்ல ஆயிரம் எழுதுவாங்க. எழுதினதெல்லாம் நடந்துடுச்சா? பூசின ஆள் ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்து, அப்புறம் பேசு.”

“கலவை காயறதுக்குள்ள எவளோ பிள்ளையைக் கவனிக்காம விட்டிருக்கா. அதுக்குப் போய்க் கயிறு கட்டி, இளவரசின்னு காட்டிட்டு இருக்கோம். வெட்கமா இல்லையா சார் நமக்கு?”

பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் அம்மா.

மகள் வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள். ஊர் ஊராகக் கட்டட வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்தவள். அந்த மண்டபத்துக்குள் நுழைகிற எல்லோரும் கூரையில் இருக்கும் ஓவியத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அம்மா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மேல பாரு. படம் மேல இருக்கு.”

“இருக்கட்டும். அந்த மூலைக்கு வாட்டம் இன்னும் அப்படியே இருக்கு பாரு. ஒரு வாளி தண்ணி ஊத்தினா நேரா அங்கதான் ஓடும்.”

“மானத்தை வாங்காதம்மா. பெரிய அதிகாரி வர்ற நேரம். பேசாம ஒரு ஓரமா உட்காரு.”

அம்மா கயிற்றருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு இயக்குநர் வந்தார். பொறுப்பாளர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ‘ஆரம்பி’ என்று கண்ணைக் காட்டினார்.

“இளவரசிக்கு அப்போ ரெண்டு வயசு” என்று தொடங்கினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். எட்டு மாதமாகத் தற்காலிகம், ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதை வாங்கிவிட்டால் அப்புறம் தலை நரைக்கிற வரைக்கும் தினமும் இதே பொய்.

“மன்னிச்சுக்குங்க சார். இது பொய். இந்தத் தரை என்னைவிட ரெண்டு வயசு சின்னது.”

ஃபைலை எடுத்து நீட்டினாள். இயக்குநர் அதை வாங்குவதற்குள் பொறுப்பாளர் முந்திக்கொண்டார். “நாலு எழுத்துப் படிச்ச திமிர் சார். போன வாரத்துலேருந்து இதையே சொல்லிட்டு இருக்கா. வெறும் காகிதம். சாட்சி யாரு இருக்கா?”

“நான் இருக்கேன்” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் அம்மா. “இந்தத் தரைக்குக் கலவை சுமந்தவ நான். எத்தனையோ ஊர்ல, எத்தனையோ கட்டடத்துல வேலை பார்த்தாச்சு. எதோட பேரும் ஞாபகமில்ல. இந்தக் காலை மறப்பேனா?”

இயக்குநர் தடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ இது யாரோட கால்மா?”

 அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“கவனிக்காம ஒண்ணும் விட்டுடல. ரெண்டாவது அடி வைக்கிறதுக்குள்ள தூக்கிட்டேன், அதான் ஒத்தைக் காலோட நிக்குது. அந்த ஷூவைக் கழட்டிக் காட்டு. உன் சுண்டுவிரல் பொறந்ததுலேருந்தே தரையில படாது.”

வழிகாட்டிப் பெண்ணுக்குக் குனிந்து தன் காலைப் பார்க்கவே பயமாக இருந்தது. “அம்மா…” என்றாள்.

“மிதிச்சது நீ. மேஸ்திரி கையால அறை வாங்கினது நான்.”