சாவுக்குக் காய்ச்சிய பீர்

வாஸ் ஏரியின் மேல் மழை ஓயாமல் தூறுகிறது. மூன்று மணிக்கே ஜன்னல் மங்கிவிட்டது. கிழவர் கூட்முன் வீட்டு அடுக்களை மூலையில், கம்பளி போர்த்திய மரத்தொட்டிக்குள் பீர் நொதித்துக்கொண்டிருக்கிறது. அவர் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்த அன்றே மகள் போர்கில்ட் காய்ச்சியது. அடக்கத்துக்கு வருகிறவர்களை வறண்ட தொண்டையோடு அனுப்பக்கூடாது என்று, ஆள் போவதற்கு முன்பே காய்ச்சிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கம்பளியை விலக்குகிறாள். நுரை அடங்கிக் கிடக்கிறது. “ஹல்வார், இன்னிக்கே பீப்பாய்க்கு மாத்திடலாமா?” என்று என்னிடம் கிசுகிசுக்கிறாள். நான் பக்கத்துப் பண்ணைக்காரன். பீர் பதமாகிவிட்டதா என்று இந்த ஊரில் ருசித்துச் சொல்லும் நாக்கு, அவள் அப்பாவுடையது, அடுத்த அறையில் படுத்திருக்கிறது.

“வாசனை வருது. யாருக்குடி காய்ச்சிருக்கே? எனக்கா?” அவர் குரல்தான்.

போர்கில்ட் மரக்கிண்ணத்தில் மொண்டு எடுத்துப் போகிறாள். நானும் கூடவே போய் அவர் தலையைத் தாங்கிப் பிடிக்கிறேன், கனமே இல்லை. ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருக்கிறார்.

“இன்னும் இனிப்பு போகலை. அவசரப்பட்டு ஊத்தி என் மானத்தை வாங்கிடாதே. நாளைக்கு வரைக்கும் விடு. நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்.”

கிண்ணத்தில் மிஞ்சியதை நான் குடிக்கிறேன். துளி இனிப்பில்லை. பீரில் போட்ட ஜூனிபர் தழையின் கசப்பு மட்டும் தொண்டையில் இறங்குகிறது. போர்கில்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஆமா,” என்கிறேன். “இன்னும் ஒரு நாள் ஆகும்.”

அவள் திரும்பிப் போய்க் கம்பளியை இழுத்துத் தொட்டியை மூடுகிறாள்.