தண்ணீர் பழகும் வரை

"மீனே இல்லாத தொட்டியில யாருக்குக்கா தீனி போடறே?"

தம்பி கேட்டான். அக்கா விரல் நுனியில் எடுத்த மீன் தீனியைத் தண்ணீரின் மேல் தூவினாள். கண்ணாடித் தொட்டிக்குள் மணல், நாலு கூழாங்கல், மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் வடிகட்டிப் பஞ்சு. உயிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மேல்வீட்டு அம்மா போனில் சொன்னது நிஜம்தான். 'உங்கக்கா தினமும் வெறும் தொட்டிக்குச் சாப்பாடு போடறாப்பா. பொண்ணு போனதுலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கா. சீக்கிரம் வந்து பாரு.'

ஒரே பெண். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்திருந்து, வீடு திரும்பாமலே போய்விட்டாள். பெற்றவளுக்குப் புத்தி பேதலிக்காமல் என்ன செய்யும்? தம்பி வரும் வழியிலேயே மனநல டாக்டரிடம் அக்கா பேரைக் கொடுத்து நேரம் வாங்கிவிட்டான். அவளிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

"அக்கா, நாளைக்குக் காலையில ஒரு டாக்டரைப் பாத்துட்டு வரலாமா? சும்மா பேசிட்டு வரலாம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். உன் பேர்ல நேரம் வாங்கிட்டேன். கோவிச்சுக்காதே."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளறையிலிருந்து அத்தான் வந்துவிட, வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன மாப்ளே, வந்ததும் வராததுமா அக்காவை மிரட்டறே? அவளுக்கு ஒண்ணுமில்ல. தீனி போடச் சொன்னதே நான்தான்."

"நீங்களா? மீன் எங்க அத்தான்?"

"அவசரப்பட்டா எப்படி? புதுத் தண்ணியில மீனை விட்டா மல்லாந்துடும். மொதல்ல தண்ணி பழகணும். இந்தத் தீனி அழுகி விஷமாகும். அந்த விஷத்தைத் தின்னே வளர்ற நல்ல கிருமி ஒண்ணு இருக்கு. அது வந்து பஞ்சுல குடியேறும். அது பெருகிடுச்சுன்னா மீனோட கழிவையும் தின்னுடும். அப்புறம் எந்த மீனை விட்டாலும் ஜம்முனு இருக்கும்."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சுவரோரம் தண்ணி பிடிச்சு வச்சிருக்கற அந்த வாளியெல்லாம் எதுக்கு அத்தான்?"

"குழாய்த் தண்ணிய நேரா ஊத்தினா அதுல இருக்கற குளோரின் கிருமியைக் கொன்னுடும். வாளியில பிடிச்சு, ஆறப் போட்டுத்தான் ஊத்தணும். இந்த ஊருக்கே குளோரின் கலந்து அனுப்பறவன்டா நான், எனக்குத் தெரியாதா?"

அத்தானுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. பேச்சில் அந்தப் பெருமை தெரிந்தது.

"மேல்வீட்டு அம்மா என்னைக் கதிகலங்க வச்சுட்டாங்க."

"அந்தம்மாவுக்கு நம்ம வீட்டு ஜன்னல்தான் டி.வி. நீ ஏன் அதையெல்லாம் காதுல போட்டுக்கறே? வீடு வெறிச்சுனு கெடக்கு மாப்ளே. ரெண்டு மீனாவது ஓடட்டுமேன்னு பாத்தேன்."

என்ன மனுஷன்! துக்கத்தை விழுங்கிக்கொண்டு வீட்டைத் தாங்கி நிற்கிறாரே என்று தம்பிக்குக் கண் கலங்கியது. டாக்டரே தேவைப்படாது என்று தோன்றிவிட்டது.

அத்தான் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கினார்.

"பச்சையானா இன்னும் விஷம் இருக்குன்னு அர்த்தம். மஞ்சளாவே நின்னா மீன் விடலாம்."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பச்சை இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"அட, மஞ்சளாத்தானே தெரியுது! இந்த வாரமே மீன் வாங்கிடலாம் போலிருக்கே அத்தான்!"

அத்தானின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. குழாயைக் கீழே வைத்தார். தொட்டிக்குள் கையை விட்டுப் பஞ்சை உருவினார்.

"அழுக்கா இருக்கு. அலசிட்டு வந்துடறேன்."

சமையலறையில் குழாய் சீறும் சத்தம் கேட்டது. தம்பி எட்டிப் பார்த்தான். முழுசாகத் திறந்துவிட்ட குழாய்க்கு அடியில் பஞ்சைப் பிடித்து, பழுப்பு நிறச் சாறு வற்றும் வரை பிழிந்துகொண்டிருந்தார் அத்தான்.

"ஐயோ, அத்தான், அந்தக் கிருமியெல்லாம்..."

பின்னாலிருந்து அக்கா அவன் தோளை அழுத்தினாள். பேசாதே என்று தலையசைத்தாள்.

வெளுத்துப்போன பஞ்சைத் திரும்பத் தொட்டியில் பொருத்திவிட்டு, அத்தான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். மேஜை மேலிருந்த சின்ன ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்று கிளம்பினார். கதவு மூடிக்கொண்டது.

"அக்கா, குளோரின் கொன்னுடும்னு இப்பத்தானே சொன்னாரு? மறந்துட்டாரா?"

"மறக்கல. எப்பெல்லாம் மஞ்சளாத் திரும்புதோ, அப்பெல்லாம் கழுவிடறாரு."

"எதுக்குக்கா?"

அக்கா தீனி டப்பாவை மூடி வைத்தாள். "நம்ம பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கறப்ப வாங்கின தொட்டிடா இது. தண்ணி பழகட்டும், மீனையும் உன்னையும் ஒரே நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்னு அவகிட்ட சொல்லியிருந்தாரு. தண்ணி இன்னும் பழகலைன்னா அவ இன்னும் ஆஸ்பத்திரியிலதானே இருக்கா?"

தம்பி மூடிய கதவைப் பார்த்தான். "இப்ப எங்க போறாரு?"

"வார்டுக்குள்ள விடற நேரமாச்சு. அவளுக்குப் பால் எடுத்துட்டுப் போறாரு" என்ற அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு வாங்கின நேரம் அப்படியே இருக்கட்டும். டாக்டர்கிட்ட பேரை மட்டும் மாத்திடு."