அணில் எண்ணாத கோடுகள்

சரக்குக் கப்பலில் தூங்கிப்போய்ச் சீனாவில் கண்விழித்த அணில் ஒன்று, அங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று சீன எழுத்துப் படிக்க ஆரம்பித்தது. எந்தப் பெயர்ப்பலகையைக் கண்டாலும் ஏறிவிடும். எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் வாலால் தடவி எண்ணும். கடைசிக் கோட்டுக்கு வருவதற்குள் முதல் கோடு மறந்துபோகும்.

"ஏன் தம்பி இந்தப் பாடு? மொத்தமாப் பாரேன்," என்றது அந்த ஊர்க் குருவி.

"அவசரப்பட்டா படிப்பு வராதுக்கா," என்று அணில் மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

ஒருநாள் வேர்க்கடலைக் கடைப் பலகையில் பாதிக் கோடு எண்ணியிருக்கும், பின்னாலிருந்து பூனை பாய்ந்தது. வால்முடி கொஞ்சம் போனாலும் உயிர் தப்பியது.

"பூனை இருக்குன்னு அந்தப் பலகையிலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே!" என்று குருவி தலையில் அடித்துக்கொண்டது.

மறுவாரம் இரண்டும் வேறொரு தெருவுக்குப் போயின. அங்கே இடைவெளியே விடாமல் எழுத்துகளை அடைத்த பலகை ஒன்று தொங்கியது. குருவி திரும்பிப் பார்த்தால் அணிலைக் காணோம். அது பக்கத்து மரத்தின் உச்சாணிக் கிளையில் இருந்தது.

"அட, இதுலயும் பூனைன்னு இருக்கே, கண்டுபிடிச்சிட்டியா! எத்தனை கோடு தம்பி?"

"போங்கக்கா, எண்ண எங்கே நேரம்?" என்று மூச்சிரைத்தது அணில்.