சிந்தாத மூக்கு

"அண்ணாச்சி, ஒரு துள்ளிகூடக் கீழ விழாம பெட்ரோல் ஊத்துற கேன் உண்டா?"

குற்றாலலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். சாலைக் கடைவீதியில் இருபத்தாறு வருடமாக இரும்புக்கடை நடத்துகிறார். கேன் கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். சிந்தக் கூடாதே என்று கவலைப்பட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை.

கேட்டது ஷீனா. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நர்ஸ்.

"யாருக்கும்மா?"

"அது... ஒராளுக்கு. வாடையும் வரக் கூடாது கேட்டேளா. தரையில கறை விழவே கூடாது."

குற்றாலலிங்கம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாடியை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி அவர் கைப்பட எழுதிய கடிதம் உள்ளே இருந்தது. ஆதாரம் கிடைத்ததும் கொடுப்பதற்காக நான்கு நாளாகச் சுமக்கிறார்.

காரணம், அவருடைய ஸ்கூட்டர். மூன்று வாரமாக இதே கதை. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தால் வண்டியடியில் பெட்ரோல் கறை. முற்றமெல்லாம் வாடை. யாரோ உறிஞ்சுகிறார்கள். வாசல் கேட்டின் சாவி கீழ்வீட்டிலும் மாடியிலும் மட்டும்தான் உண்டு. டாங்கில் குச்சி விட்டு அளந்து பார்த்தார். அளவு குறையவில்லை. அதுதான் அவரை இன்னும் கலக்கியது. அளவு குறையாமல் திருடுகிறவர் சாதாரணத் திருடராக இருக்க முடியாது.

"உன் வண்டிக்கா?"

"என் வண்டின்னா நான் நேரா பம்புக்குக் கொண்டுபோவேன்லா?"

"அந்த ஒராள் கொண்டுபோக மாட்டாரோ?"

"பம்புல இருக்கவன் போய் வண்டிக்காரர்ட்ட சொல்லிட்டா?" என்று சொல்லிவிட்டு ஷீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குற்றாலலிங்கத்தின் குரல் தேனாயிற்று. "வண்டிக்காரருக்கு விஷயம் தெரியாதாக்கும்?"

"தெரியாம இருக்கதுதான் நல்லது. ஆளு கொஞ்சம் சம்சயக்காரர்."

"இத்தனை நாளும் எப்படிச் சமாளிச்சீங்க?"

"குப்பியும் சுருட்டுன பேப்பரும் வச்சுதான். பாதி தரைக்குத்தான் போகும்."

ஒப்புதல் வாக்குமூலமே கிடைத்துவிட்டது. ஆனாலும் கையும் கேனுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு முதலில் கேனை விற்க வேண்டும். மூன்று கேன்களை இறக்கி வைத்தார்.

"இது வேண்டாம், சாய்ச்ச உடனே மடமடன்னு கொட்டிரும். இது பரவாயில்ல, ஆனா மூக்கு நுனியில ஒரு சொட்டு தங்கும். எடுக்கும்போது அதுதான் காட்டிக் குடுக்கும். இந்தப் பச்சையப் பாரு. மூக்குல ஸ்பிரிங் இருக்கு. டாங்கு வாயில வச்சு அமுக்குனாத்தான் திறக்கும். தூக்குனா அதுவே அடைச்சுக்கிடும்."

தண்ணீர் நிரப்பி ஒரு டம்ளரில் ஊற்றிக் காட்டினார். டம்ளர் விளிம்புவரை நிறைந்தது. மேஜை நனையவில்லை. சரக்கின் பெருமையில், திருடியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதையே ஒரு கணம் மறந்துபோனார்.

"அக்கா சொன்னது சரிதான். நல்ல கேன் வேணும்னா உங்க கடைக்குத்தான் வரணும்னாங்க."

"யாரு, உலகம்மையா? என் பொண்டாட்டிக்கு ஸ்கூட்டருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாது. இதுல அவளை வண்டிக்குக் காவல் வச்சேன் பாரு. ஒரு பூனைய வச்சிருக்கலாம்."

ஷீனா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

கேனைப் பொட்டலம் கட்டும் சாக்கில், அதன் அடியில் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார் குற்றாலலிங்கம்.

மதியம் சாப்பிட்டதும் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். தன் குறட்டை எப்படியிருக்கும் என்று அவருக்கே தெரியாததால் தோராயமாகத்தான் விட முடிந்தது.

பத்து நிமிடத்தில் கேட்டு கிறீச்சிட்டது. ஸ்கூட்டர் உருண்டு வெளியே போகும் சத்தம். ஒரு கண்ணைத் திறந்து, வண்டிச் சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தார். சாவி இல்லை. வீட்டுக்குள் வந்து சாவியையும் எடுத்திருக்கிறாளே! துள்ளி எழப் பார்த்த காலை அடக்கிக்கொண்டார். கேனோடு பிடித்தால்தான் ஆதாரம். குறட்டையைச் சற்றுக் கூட்டி விட்டார்.

அரை மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. டாங்கு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் முற்றத்துக்கு வந்தார்.

மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட ஓர் உருவம் வண்டிமேல் குனிந்து நின்றது. கையில் பச்சைக் கேன். அடியில் மஞ்சள் பொட்டு. தரையில் ஒரு சொட்டு இல்லை. நல்ல சரக்கு என்று மனதின் ஒரு மூலை சொல்லியது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாட்டுனியா! ஷீனா, இன்னைக்கே மாடியக் காலி பண்ணு!"

"என்னையா விளிச்சேள் அண்ணாச்சி?" என்று மாடியிலிருந்து ஷீனா எட்டிப் பார்த்தாள்.

"கைய விடுங்க, சிந்திரப்போவுது" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து உலகம்மையின் குரல் வந்தது. "ஓட்டிப் பழகித் தீந்த பெட்ரோல அன்னன்னைக்கே திரும்ப ஊத்தி வச்சிருதேன். புதன்கிழமை எனக்கு லைசென்ஸ் டெஸ்டு."

அன்று தரையில் விழுந்தது ஒரே ஒரு சொட்டுதான், அதுவும் அவர் கை பட்டதால். குற்றாலலிங்கம் குனிந்து, கையிலிருந்த கடிதத்தால் அதைத் துடைத்தார்.